அடுத்த கதிரை

மாநில மேலவையையும் மக்களே தெரிவுசெய்வதா என்று சிட்னி முழுக்கப் பேச்சாயிருந்த 1978ஆம் ஆண்டு. நகரின் மேற்குப் புறநகரான டூங்கபியில் நடந்த தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அம்பலவாணர் தான் உட்கார்ந்திருந்த இரும்புக் கதிரையைத் தூக்கி எறிந்தார்; அது செல்வரத்தினத்தின் நெற்றியைப் பிளந்தது.

"மேலவை இருக்கிறபடியே இருக்கட்டும் எண்டுதானே சொன்னனான்!" என்று கீழே கிடந்து முனகினார் செல்வரத்தினம்.

அம்பலவாணருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விலாவில் ஓங்கி உதைத்தார். "சனத்தின்ர வாக்கில்லாமல் வந்து குந்தினவை, சனம் அனுப்பின ஆக்களை மறிக்கிறதோ? இழுத்து விழுத்தோணுமடா அவங்களை!"

ஓடிவந்து துவாயால் இரத்தத்தை அழுத்திய சங்க உறுப்பினர் பவளம் நிமிர்ந்தாள்.

"அப்ப எங்கட சங்கத் தலைவருக்கும் வாக்கெடுப்பு வைப்பமோ, அண்ணை?"

மண்டபமே கைதட்டியது.

ஐந்து வருடமாகத் தேர்தலே வைக்காத தலைவர் அம்பலவாணர், அடுத்த கதிரையைத் தூக்கினார்.