ஒரே ஒரு அல்டிமேட்

"இன்னிக்காவது மாஸ்டர் உன்னை 'அல்டிமேட்'னு சொன்னாரா, இல்லையா?"

நர்ஸ் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கணவர் கேட்டுவிட்டார்.

"ஒரு 'சூப்பர்' சொன்னாருங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது."

"ஒண்ணே ஒண்ணா? முதல் வாரம் அள்ளிக்கிட்டு வந்தியே! தேஞ்சுக்கிட்டே போகுதே, நர்ஸம்மா. நானும் அதே மாஸ்டர்கிட்டதான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். முதல் நாளே 'அல்டிமேட் சார்!' கடைசி நாள் வரைக்கும் அல்டிமேட்தான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அவர் அப்பேர்ப்பட்ட ஓட்டுநர். என்ன, ஊரில் இருக்கிற சுவர்களும் தூண்களும்தான் அவருடைய காரை வந்து வந்து இடிக்கும்.

"எனக்கு லைசென்ஸ் கிடைச்சா உங்க காரைத் தருவீங்கல்ல? வீடு வீடாப் போய் நோயாளிங்களைப் பார்க்கிற வேலை. கார் இல்லைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"ஒரே ஒரு அல்டிமேட் வாங்கிட்டு வா. சாவி உன்னோடது!"

மறுநாள் கடைசி வகுப்பு. நர்ஸ் உயிரைக் கொடுத்து ஓட்டினாள். சந்தை நெரிசல், மேம்பாலம், குறுகலான சந்து, எல்லாம் தாண்டியாயிற்று. மாஸ்டர் வாயே திறக்கவில்லை. பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியே கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு கொட்டாவி வேறு.

பயிற்சிப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், நாளைக்கு டெஸ்டுக்கு நான் வரலை."

"ஏம்மா?"

"அல்டிமேட்டை விடுங்க. ஒரு சூப்பர்கூட உங்க வாயிலேருந்து வரலையே! எனக்கு இந்த ஜென்மத்துல கார் ஓட்ட வராது."

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"தப்புப் பண்றவங்களைப் பார்த்துக் கத்தினா, பயத்துல ஸ்டியரிங்கையே விட்டுடுவாங்கம்மா. அதனால என் பக்கம் இருக்கிற பிரேக்கை நான் மிதிக்கிறப்பல்லாம் வாய் 'சூப்பர்'னு சொல்லிடும். இத்தனை வருஷப் பழக்கம். இன்னிக்குத்தான் என் காலுக்கு நீங்க வேலையே வைக்கலையே!"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசு லேசாகிவிட்டது. அப்புறம்தான் அது உறைத்தது.

"அப்போ... அல்டிமேட்?"

"அது, ரெண்டு காலாலயும் மிதிக்கிறப்போ."

மறுநாள் டெஸ்டில் பாஸாகி வந்தவளைக் கணவர் வாசலிலேயே மடக்கினார்.

"பாஸ் சரி. அல்டிமேட் வாங்கினியா?"

"இல்லைங்க. அது உங்களுக்கு மட்டும்தானாம்" என்று சிரித்தபடி நர்ஸ் கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்க. இனிமே எங்க போனாலும் நான்தான் ஓட்டுவேன்."