மாலை போட்ட பேஸ் கிட்டார்

“சாம்பிராணியை இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க. புகை கிட்டார் மேல படணும்” என்றார் ஸ்ரீதரன்.

மேடை நடுவில் ஒரு கதிரை. அதில் சாய்த்து வைத்த பேஸ் கிட்டாருக்கு ரோஜா மாலை. பக்கத்தில் நிரஞ்சனின் கறுப்பு வெள்ளைப் படம். பன்வில தேயிலைத் தோட்டப் பாடசாலை மைதானத்தில் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கூட்டம் மட்டும் குறையவில்லை.

ஸ்ரீதரன், ‘மலைமூச்சு’ என்ற சுயாதீன ரெகே-ராக் குழுவின் பாடகர், தலைவர், மலையகத்தின் மனசாட்சி. கடைசிப் பதவி அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்டது. கண்டி டவுனில் துணிக்கடைக்காரர் மகனாகப் பிறந்து, கொழுந்துக் கூடையை ஒருநாளும் தூக்காமலே அதைப் பற்றி ஒரு ஆல்பம் முழுக்கப் பாடியவர்.

வருடக்கணக்காக யாரும் சீண்டாத குழு அது. அதில் பேஸ் வாசித்த நிரஞ்சனின் படத்தை ‘நன்றி தம்பி’ என்ற இரண்டே வார்த்தையோடு ஸ்ரீதரன் ஃபேஸ்புக்கில் போட்ட அன்று ஊரே அழுதது. அந்த வாரமே ‘நினைவஞ்சலி டூர்’ தொடங்கிவிட்டது. கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை என்று வேன் நிற்கவே இல்லை. நிரஞ்சனின் சொந்த இடமான மஹய்யாவவில் மட்டும் நிகழ்ச்சி கிடையாது. “அங்கே பாட என் மனசு தாங்காது” என்று ஸ்ரீதரன் எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருந்தார்.

நிரஞ்சனின் இடத்துக்கு வந்தவன் யுகேஷ். கம்பளை ஹார்ட்வேர் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவன். வெளிச்சமெல்லாம் மாலை போட்ட கிட்டாருக்கு. வாசிக்கிற இவனுக்கு அதன் பின்னால் இருட்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். கொஞ்ச நாளாக, வாசிப்பில் ஒரு தப்பு விழுந்தால் காதுக்குப் பின்னால் யாரோ ‘ச்சு’ கொட்டுவதுபோல் இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“சுதேஷ் அண்ணே, அவரு எப்படிச் செத்தாரு?”

டிரம்ஸ்காரர் சுதேஷ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார். “லீடர்கிட்ட கேளு.”

“கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு வானத்தைப் பார்த்தாரு.”

“அப்ப நானும் அதையே செய்றேன்.”

“வெளையாடாதீங்கண்ணே. எனக்கு இந்த எடம் வேணும். கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. ஆனா செத்தவரு என்னைய இங்க இருக்க விடமாட்டாரு போல.”

“செத்தவன் என்னடா செய்வான்? இருந்தப்பவே அவன் டைமுக்கு வந்ததில்ல.”

அப்போது ஒரு அம்மா மேடையேறி, வெற்றிலை பாக்கும் ஒரு சிகரெட்டும் கிட்டார் முன் வைத்துக் கும்பிட்டார். பிறகு யுகேஷை மேலும் கீழும் பார்த்தார். “நீதான் அந்தப் புள்ள எடத்துக்கு வந்தவனா? பார்த்து இருந்துக்க சாமி. வாழ வேண்டிய புள்ள. ஆசை அடங்கியிருக்காது.”

யுகேஷ் மாலை போட்ட கிட்டாரை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

நிகழ்ச்சியின் கடைசியில் அஞ்சலிப் பாட்டு. ரெகேவுக்கு முதுகெலும்பே பேஸ்தான். ஆனால் இந்தப் பாட்டில் பேஸ் கிடையாது. யுகேஷ் கைகட்டி நிற்க வேண்டும். அது தலைவரின் கற்பனை.

“கலைஞன் சாகமாட்டான். அவன் அதிர்வா மாறிடுவான். கண்ணை மூடுங்க, அவன் வருவான்!” என்றார் ஸ்ரீதரன் மைக்கில். மைதானம் மொத்தமும் கண்ணை மூடியது. யுகேஷுக்கு மட்டும் மூடத் தைரியம் இல்லை.

மைதானத்தின் ஓரத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மூட்டம் கொஞ்சம் விலகியது. வெள்ளைச் சட்டையில் ஒருவன் நின்றான். படத்தில் இருந்த அதே முகம். கன்னம் மட்டும் சற்றுச் சதை வைத்திருந்தது. செத்தவர்கள் சதை போடுவார்களா என்று யோசிக்கும் நிலையில் யுகேஷ் இல்லை.

வெள்ளைச் சட்டைக்காரனின் விரல்கள் வெறுங்காற்றில் ஓடின. பாட்டில் இல்லாத பேஸை ஒரு தட்டும் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு யுகேஷை நேராகப் பார்த்து, தள்ளிப் போ என்பதுபோல் கையை அசைத்தான். மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது.

பாட்டு முடிந்தது. கூட்டம் அழுதது. யுகேஷ் தன் கிட்டாரை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தான்; அது பாதியில் சிக்கிக்கொண்டது. இடம் போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட, குழுவுக்கு ஒதுக்கியிருந்த வகுப்பறைக்கு நடந்தான்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில், அந்த வெள்ளைச் சட்டை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

“என் எடம் எனக்கு வேணும்ணே” என்றது கரகரத்த குரல். “அதுக்குத்தான் திரும்பி வந்தேன்.”

யுகேஷ் கதவைப் பிடித்துக்கொண்டான். எதிரே நிற்கும் ஸ்ரீதரன் அலறப்போகிறார் என்று காத்திருந்தான்.

ஸ்ரீதரன் அலறவில்லை. சடைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னார்:

“கத்தார்ல ரெண்டு வருச வேலைன்னு போனவன் பாதியில வந்து நின்னா எப்படிடா? டூர் முடியிற வரைக்கும் செத்தே கிட!”