பெயர் மாறிய பாட்டுகள்

"மச்சாள், இந்த லப்டொப்பில ஆர் கை வைச்சது?"

லக்சனா போட்ட சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

கொழும்பிலிருந்து வந்து பாலையூற்றில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பையை இன்னும் திறக்கவில்லை. லப்டொப்பைத்தான் முதலில் திறந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முதல் ஒரு கிழமை லீவில் வந்து, அண்ணனின் பழைய சீடிகளிலிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளையும் அவள்தான் இதில் ஏற்றினாள். ஏறும்போது ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் 'ட்ராக் 1', 'ட்ராக் 2'தான். இன்டர்நெட்டில் தேடிப் பிளேயர் தானாகக் கண்டுபிடித்தது பாதி. மிச்சத்தை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு, பாட்டு, பாடியவர், படம், வருசம் என்று தட்டிப் போட்டாள். நூலகத்தில் புத்தகப் பட்டியல் போடுகிறவள். ஒரு எழுத்துப் பிசகினாலும் அவளுக்குப் பொறுக்காது.

இப்போது 'உப்புக் காற்றே' என்பதை அழுத்தினால் ஏதோ கலியாணப் பாட்டுக் கேட்கிறது. தாலாட்டுக்கு, ஆட்டம் போடும் பைலாப் பாட்டின் பெயர்!

அண்ணன் மனைவி பிரியதர்சினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் மாத்தினனான், லக்சனா."

"எல்லாம் பிழை, மச்சாள்! தெரியாட்டி ஏன் தொடுறீங்கள்?"

"பேந்து கதைப்பம்." அவளுடைய கண் முன்னறைப் பக்கம் ஒருதரம் போய் வந்தது.

முன்னறையில் அண்ணன் வினோதன் கதிரையில் இருந்தான். எட்டு மாதத்துக்கு முதல் துறைமுகத்தில் வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்தவன். தலைக் காயம் மாறிவிட்டது. பெயர்கள்தான் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு காலத்தில் முதல் இசை கேட்டதுமே பாட்டின் பெயரைச் சொல்லிவிடுவான். கூட வேலை செய்தவர்கள் பந்தயம் கட்டித் தோற்பார்கள். அந்த ஞாபகம் திரும்பட்டும் என்றுதான் லக்சனா அவ்வளவு பாடுபட்டாள். அதை இந்த மனுசி இப்படி நாசமாக்கி வைத்திருக்கிறாளே!

கதிரையை இழுத்துப்போட்டு இருந்து திருத்தத் தொடங்கினாள். ஆனால் இருக்க ஏலவில்லை. எழும்பி நடந்தாள். திரும்ப வந்து இருந்தாள். சோறு பாதியிலேயே போதும் என்றாகிவிட்டது. நாளைக் காலை பஸ். அதற்குள் முந்நூறையும் முடிக்க வேண்டுமே!

நாற்பது பாட்டுகளைத் திருத்தியதும், வேர்வை தாங்காமல் குளிக்கப் போனாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது முன்னறையில் பாட்டுக் கேட்டது. கதவடியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

வினோதன் தெருவைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்குப் பின்னால், மேசையில், மச்சாள் லப்டொப்புடன் இருந்தாள்.

"என்ன பாட்டெண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். கதிரைக் கையில் விரல் தாளம் போட்டது.

"இது... இது வந்து... 'தங்க வளையல்காரி'!"

இல்லை. மத்தியானம்தான் லக்சனா இதற்குச் சரியான பெயர் போட்டாள். அவள் வாயைத் திறக்க, மச்சாள் ஒரு கையை உயர்த்தித் தடுத்தாள். மற்றக் கை கீபோர்டில் ஓடியது.

"இப்ப திரும்பிப் பாருங்கோ."

திரும்பினான். திரையில் 'தங்க வளையல்காரி' என்றிருந்தது.

"பாத்தியே! எனக்குப் பிழைக்குமே?"

வினோதன் பெரிதாகக் கைதட்டிச் சிரித்தான்.

லக்சனா மச்சாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"என்ன மச்சாள் இது?"

"நீ போனாப் பிறகு முதல் கிழமை முழுக்க உப்பிடித்தான் விளையாடினனாங்கள். அவர் ஒரு பேர் சொல்லுவார், திரும்பிப் பாப்பார், அதில வேற பேர் இருக்கும். ஒண்டுகூடச் சரிவரேல்ல. அதுக்குப் பிறகு பத்து நாள் அவர் வாயே திறக்கேல்ல, லக்சனா. தண்ணி வேணுமெண்டுகூடக் கேக்கேல்ல. எப்பிடியாவது கதைக்கப் பண்ணுங்கோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் வேற என்ன செய்ய?"

காலையில் போட்ட சத்தம் இப்போது லக்சனாவின் காதிலேயே அறைந்தது.

"அவருக்கு மட்டும் தெரியக்கூடாது," என்றாள் பிரியதர்சினி.

வெளியே மீன்காரரின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்தது. பிரியதர்சினி சட்டியை எடுத்துக்கொண்டு தெருப் படலைக்கு ஓடினாள்.

லக்சனா முன்னறைக்கு வந்து, மச்சாள் இருந்த இடத்தில் இருந்தாள். பிழையான பெயரைத் தட்ட விரல்கள் தயாராக இருந்தன.

"அண்ணா, அடுத்த பாட்டுப் போடட்டோ?"

"கொஞ்சம் பொறு, தங்கச்சி." வினோதன் படலைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பின்னால அவள் தட்டுற சத்தம் எனக்குக் கேக்கும். நீ அவளுக்குச் சொல்லிப்போடாத. நான் வெண்டிட்டன் எண்டு கை தட்டினாத்தான் அவள் அண்டைக்கு ஒழுங்காச் சாப்பிடுறாள்."

சொல்லிவிட்டு, படலையில் நின்ற மனைவியின் பெயர் என்ன என்று யோசிக்கத் தொடங்கினான்.