மெக்சிக்கோ ரொட்டி

“சோள ரொட்டி அப்பளம்மாதிரி உடையோணும், தர்சிகா,” என்று அம்மா ஓவனையே பார்த்துக்கொண்டு நின்றா. “அண்ணை மெக்சிக்கோவிலையிருந்து கடைசியாக் கதைக்கேக்கை, டொஸ்டாடா எண்டு இதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்.”

“ஓம் அம்மா. அமெரிக்கா போய்ச் சேர்ந்தவுடனை கோல் எடுப்பார்.”

ஒரு வருடமாக நான் சொல்லும் அதே பதில்.

“எண்ணெயிலை பொரிச்சால் அவனுக்கு நெஞ்செரியும். அதுதான் ஓவனிலை வைக்கச் சொன்னனான்.”

ரொட்டி சிவந்ததும் அம்மா அண்ணையின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலையை விரித்து, அதில் வைத்தா.

“என்னம்மா, உயிரோடை இருக்கிறவருக்குப் படைக்கிறியளே?”

“நீ குசினிக்குள்ளை ஒளிச்சு அழுத அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. இண்டைக்குக் குத்துமதிப்பாய்ப் படைக்கிறன். அவன் செத்த திதியை மட்டும் சொல்லு, பிள்ளை.”