தெளிந்த ரத்தம்

அம்மாவின் சாவுக்கு வராத தங்கை ரெஜினாவோடு ஸ்டெல்லா பேச்சை நிறுத்திப் பல வருடமாகியிருந்தது. ஸ்டெல்லாவுக்கு மறதி நோய் வந்தபோது அந்தக் கோபமும் மறந்துபோனது. ரெஜினா தூத்துக்குடிக்கே வந்து அக்காவுக்குச் சோறூட்டினாள், தலைவாரிவிட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருப்பம்மா" என்பாள் ஸ்டெல்லா.

ரத்தத்தில் சேர்ந்த நச்சுதான் மறதிக்குக் காரணம், அதை வடிகட்டினால் நினைவு திரும்பிவிடும் என்றார் டாக்டர்.

"எல்லாமே திரும்பிருமா?" என்று ரெஜினா கேட்டாள்.

"எல்லாமேதான்."

ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு அவள் சம்மதித்தாள்.

கடைசி முறை வடிகட்டி முடித்ததும் ஸ்டெல்லா கண்விழித்து அவளை உற்றுப் பார்த்தாள். முகம் இறுகியது.

"ரெஜினாவா? ஒன்ன யாருடி இங்க வரச் சொன்னது?"

ரெஜினா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நர்ஸிடம் சொன்னாள்.

"அக்காவுக்குக் கொணமாயிட்டு, சிஸ்டர். இனிமே கூட இருக்க வேற யாரையாவது கூப்பிடுங்க."