கேமரா விளக்கில்

இந்த வெளிச்சத்தில் மகளின் கன்னத்துத் தடம் தெரியுமோ என்று அவள் அஞ்சுகிறாள். தெரியத்தான் செய்கிறது. படம் முடிந்து வருகிறவர்களைத் தியேட்டர் வாசலில் மறித்துச் சேனல்காரர் கருத்துக் கேட்கிறார். கேமரா விளக்கு மகளின் முகத்தில் விழ, விரல் தடங்கள் சிவப்பாக எழுந்து நிற்கின்றன. "அத்தனை தடியடி வாங்கியும் ஒருத்தர்கூட கையைத் தூக்கலையே! உடம்பு சிலிர்த்துப்போச்சு சார்," என்று கணவன் மைக்கில் பொழிந்து தள்ளுகிறான். சத்தியாக்கிரகிகளைப் போலீஸ் அடிக்கும் அந்தக் காட்சியில்தான் மகள் சத்தமாகக் கேட்டாள், "ஏம்மா அவங்க திருப்பி அடிக்கல?" முன்வரிசை திரும்பிப் பார்த்தது. இருட்டில் அம்மாவின் கை அவள் கன்னத்தில் பளாரென்று இறங்கிவிட்டது. குழந்தை அழவில்லை. இப்போதும் அம்மாவை ஒட்டி நின்றுகொண்டு, காலியான பாப்கார்ன் பொட்டலத்தின் அடியைத் துழாவுகிறது. சேனல்காரர் மைக்கை அம்மாவின் பக்கம் நீட்டுகிறார். "அண்ணன் கலக்கிட்டாரு! அக்கா, அகிம்சைன்னா என்னன்னு பாப்பாவுக்கு ஒரு வரியில சொல்லிக் குடுங்க, அப்படியே எடுத்துக்கறோம்." கணவன் சிரிக்கிறான். "சொல்லேன், வீட்ல வாய் ஓயாதே உனக்கு." பொட்டலத்துக்குள் விரல்கள் நின்றுவிட, மகள் நிமிர்ந்து பார்க்கிறாள், அவளுக்கு உண்மையாகவே பதில் வேண்டும். அம்மா மைக்கைப் புறங்கையால் மெல்ல விலக்குகிறாள். "வேணாம் தம்பி. என்னைக் கேக்காதீங்க."