ஒரு தடவைதான் கேட்டாள்

ஒரு நகரத்தில் நடப்பதுபோல் கையடக்கக் கருவியில் ஆடும் அந்த கேமில் மேம்பாலம், நியான் விளக்குகள், நாயகன் கழுத்தில் கிடக்கும் ஹெட்போன் என எல்லாவற்றையும் ஆடியவர்கள் கொண்டாடினார்கள். திட்டு முழுவதும் இட்லிக்கார அக்காவுக்குத்தான். மேம்பாலத்தடியில் நிற்கும் அவளை உருவாக்கியவன் எழிலரசு. நாயகன் தலைக்கு மேல் தெரியும் உயிர்க்கோடு சிவந்து துடிக்கும்போது அவள், "சாப்டியாப்பா?" என்று கேட்பாள். 'இன்னும் இல்லக்கா' என்றால் நாலு இட்லி கிடைக்கும், உயிர் திரும்பும். இதைவிடச் சுலபமாக ஒருவனைக் காப்பாற்ற முடியாது என்று எழிலரசு நினைத்திருந்தான். ஆனால் ஒருவர் விடாமல் எல்லோரும் 'சாப்ட்டேன்க்கா'வை அழுத்திவிட்டு, நாலடி நடந்து, செத்து விழுந்தார்கள்.

"பாட்டு செம, சட்டை செம. அந்தக்கா மட்டும் கொலகாரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் மதுரையிலிருந்து கொதித்திருந்தார்: "மொத தடவ கேக்கறப்ப பசிக்குதுன்னு யாருங்க ஒத்துக்குவாங்க? ரெண்டாவது தடவ கேட்டா அந்தம்மா கொறஞ்சா போயிடும்?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழிலரசு இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசை மெஹருன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சாத வாசனை.

"சாப்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றது அவன் வாய்.

மெஹருன்னிசா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு ஒரு சாண் மேலே எதையோ கவலையோடு பார்த்தாள். பிறகு மூடியைக் கையில் எடுத்தாள்.

இன்னொரு தடவை கேட்பாள் என்று எழிலரசு காத்திருந்தான்.